முரசுமோட்டைக்கு ஒரே பிரதி

அத்தியாயம் 6

புதன்கிழமை காலை எட்டரை மணிக்குக் கிளிநொச்சிக் குளத்தில் நாலு பேர் சுழியோடிக்கொண்டிருந்தார்கள். கரையில் நின்ற நாற்பது பேர் எந்த இடத்தில் சுழியோட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் தேடியது எழுத்தாளர் பரமலிங்கத்தின் உடலை.

அந்த நாற்பது பேரில் முப்பது பேராவது அவரைச் சாகச் சொல்லிக் கடிதம் போட்டவர்கள். இதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று இப்போதே கேட்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

என் பெயர் றவூப். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் வாடகைக் கார் ஓடுகிறேன். மிச்ச நேரத்தில் துப்பறியும் தவராசா அண்ணைக்குக் கை, கால், வாய் எல்லாம் நான்தான். மூளையை மட்டும் அவர் சொந்தமாக வைத்திருக்கிறார். முன்பு பொலிசில் இருந்தவர். மேலதிகாரி சொன்ன கதையை நம்ப மறுத்ததால் அந்த வேலை போயிற்று. அதற்குப் பிறகு கதை என்று எதைக் கண்டாலும் அவருக்கு ஆகாது. ரயில் நேர அட்டவணையைத் தவிர அவர் எதையும் வாசித்து நான் கண்டதில்லை.

ஆனால் வன்னி முழுவதும் அந்த வருடம் ஒரு கதையைத்தான் வாசித்தது. 'அலைகரை' வாரப் பத்திரிகையில் வந்த 'துருசடி'. எழுதியவர் பரமலிங்கம், நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர். பதினாறு கிழமை அந்தக் கதையின் நாயகன் பாலன் எங்கள் எல்லாருடைய வீட்டிலும் சோறு தின்றான். பதினேழாம் கிழமை வெள்ளம் வந்தது. குளம் உடையாமல் இருக்கத் துருசுக் கதவைத் திறந்து வெள்ளத்தை வெளியே விடப் போன பாலனைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. அத்தோடு சரி. ஒரு முன்னறிவிப்பு இல்லை, ஒரு இரக்கம் இல்லை. பரமலிங்கம் அவனைக் கொன்றுவிட்டார்.

வாசகர்கள் சும்மா இருப்பார்களா? பிரதிகள் திரும்பி வந்தன. அவர் வீட்டுப் படலையில் சாணித் தண்ணீர் ஊற்றினார்கள். அந்த அத்தியாயத்தையே மாற்றி, பாலன் மருதமரத்தில் தங்கிப் பிழைத்துவிட்டான் என்று திரும்ப எழுதும்படி பத்திராதிபரே கெஞ்சிப் பார்த்தார். மனிதர் அசையவில்லை. அடுத்த நாலு கிழமையும் பாலன் இல்லாத கதையை எழுதினார். வருகிற வெள்ளிக்கிழமை கடைசி அத்தியாயம் வர வேண்டும். திங்கட்கிழமை காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவர் வீடு திரும்பவில்லை. ஏச்சுத் தாங்காமல் குளத்தில் குதித்துவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது.

"அண்ணை, அவர் தண்ணிக்குள்ள இல்லையெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. பொய்யெண்டாலும் பரவாயில்லை."

பரமலிங்கத்தின் மனைவி நாகேஸ்வரி குளத்தடியில் இருந்த தங்கள் வீட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. இரண்டு நாள் சாப்பிடாத முகம். குளத்துப் பக்கமிருந்து சத்தம் கேட்கும்போதெல்லாம் அவவின் கை அந்த நிலையை இறுக்கிப் பிடித்தது.

"பொய் சொல்ல நான் வரேல்லைத் தங்கச்சி," என்றார் தவராசா அண்ணை. "போகேக்க என்ன கொண்டுபோனவர்?"

"ஒண்டும் இல்லை. உடுத்த வேட்டியும் சைக்கிளும்தான். இதைக்கூட விட்டிட்டுப் போட்டார்." ஒரு சின்னக் குளிசைப் போத்தலை நீட்டினா. "முட்டுக்காரர், அண்ணை. நாளுக்கு ரெண்டு போட வேணும். கொஞ்சம் தூசி பட்டாலும் மூச்சு விட ஏலாமல் துடிப்பார். இண்டைக்கு மூண்டாம் நாள்."

"சாகப்போறவன் குளிசையை விட்டிட்டுப் போவான்," என்றேன் நான், என் பாட்டுக்கு.

"மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டை வாற எண்ணத்தோட போனவனும் விட்டிட்டுத்தான் போவான்," என்றார் அண்ணை. "ரெண்டில எதெண்டு அவர்ர மேசை சொல்லும். வா."

மேசையைக் காண முடியவில்லை. அதன்மேல் அவ்வளவு கடிதம். இன்னும் இரண்டு சாக்கு நிறையக் கீழே கிடந்தது. நடுவில் ஒரு வெள்ளைத்தாள். தலைப்பில் '22' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒரு எழுத்தும் இல்லை.

அண்ணை சாக்குக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து உரத்து வாசித்தார். "'பாலனைக் கொன்ற கையால் பேனை பிடிக்க உமக்குக் கூசவில்லையா? என்றாவது ஒருநாள் நீர் என் காருக்கு முன்னால் வருவீர்.' பேர் இல்லை."

"கிளிநொச்சியில கன கார் ஓடுது, அண்ணை."

"ஓடுது. ஆனா பெற்றோல் பற்றுச்சீட்டுக்குப் பின்பக்கத்தில கடிதம் எழுதிற கார்க்காரன் எனக்குத் தெரிஞ்சு ஒருத்தன்தான்."

நான் வாயைத் திறக்க முதல் பின்னாலிருந்து நாகேஸ்வரியின் குரல் வந்தது. அதில் கோபம் இல்லை. அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. "அந்தக் கடிதத்தை அவர் ரெண்டு தரம் வாசிச்சவர். சோத்துக் கோப்பையைத் தள்ளி வைச்சிட்டு எழும்பிப் போனவர்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாலன் செத்த கிழமை என் கோபம் உண்மையானதுதான். ஆனால் கடிதத்தை வாசிக்கிறவனுக்கும் வயிறு என்று ஒன்று இருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

"வெட்கப்படுறதைப் பிறகு வைச்சுக்கொள்," என்றார் அண்ணை. "இந்தப் பேப்பர்களை எண்ணு."

சுவரில் ஒரு நூலில் 'அலைகரை' பிரதிகள் வரிசையாகக் கோத்துத் தொங்கின. இருபத்தொன்று இருக்க வேண்டும். இருபதுதான் இருந்தன. விட்டுப்போனது எதுவென்று தேட எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"பதினேழு இல்லை, அண்ணை. பாலன் செத்த அத்தியாயம்."

"குளத்தில குதிக்கிறவன் கையோட பேப்பரைக் கொண்டுபோறேல்லை. ஆருக்கோ காட்டத்தான் கொண்டுபோயிருக்கிறார்." அண்ணையின் கண் மேசையில் மைப் போத்தலுக்குக் கீழே தனியாக வைத்திருந்த ஒரு கடிதத்தில் நின்றது. சாக்குக்குள் போகாத ஒரே கடிதம் அது. மடிப்பு மடிப்பாகக் கசங்கியிருந்தது. பத்துத் தரமாவது விரித்து மடித்திருப்பார். அண்ணை அதை என்னிடம் நீட்டினார். "வாசி. கதைக்காரரின்ர விசயம் உனக்குத்தான் தெரியும்."

வாசித்தேன்.

'மதிப்புக்குரிய ஐயா, நாங்கள் ஏழு பேர். ஒருத்தி வாசிப்பாள், மற்றவர்கள் கேட்போம். அடுத்த கிழமையோடு கதை முடிகிறதாம். பாலனை ஒன்றும் செய்துவிடாதீர்கள். போன கிழமைதான் அவன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு தோடங்கன்று நட்டவன். அவை காய்க்கும் மட்டுமாவது அவன் இருக்க வேண்டும்.'

கையெழுத்தும் இல்லை, ஊரும் இல்லை. தபால் முத்திரை மை கலங்கிக் கிடந்தது.

"ஆரோ விசர்ப் பிடிச்ச ஆக்கள், அண்ணை. பாலன் செத்து அஞ்சு கிழமை. தோடங்கன்றோ? துருசடியில எந்த அத்தியாயத்திலயும் தோடங்கன்று இல்லை. கதை எனக்குத் தலைகீழாய்ப் பாடம்."

"அதைத் திரும்பச் சொல்லு."

"தலைகீழாய்ப் பாடம் எண்டதையோ?"

"செத்தவன் கன்று நட்டதை." அவர் கதிரையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் விசயம் நடக்கத் தொடங்குகிறது என்று அர்த்தம். "வன்னி முழுக்க அழுது முடிச்ச சாவு, ஏழு பேருக்கு மட்டும் அஞ்சு கிழமையாய்த் தெரியேல்லை. ஏன் தெரியேல்லை?"

"அவைக்கு வாசிச்சுக் காட்டுறவள் மாத்தி வாசிக்கிறாள்!"

"சரி. வட்டக்கச்சிக்கு எத்தினை பிரதி போகுது? உன்ர கார்லதானே பேப்பர்க் கட்டு போறது?"

"நாப்பது."

"நாப்பது பிரதி போற இடத்தில மாத்தி வாசிக்க ஏலாது. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால சொல்லிப்போடுவாள். ஓமந்தை?"

"முப்பது."

"அங்கயும் ஏலாது. ஒரே ஒரு பிரதி போற இடம் எது, றவூப்?"

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காரை நிற்பாட்டாமலே அந்த ஒற்றைப் பிரதியை நான்தான் வீசிவிட்டுப் போவேன். பிடிக்கிற கை எப்போதும் வாசலில் காத்துக்கொண்டு நிற்கும்.

"முரசுமோட்டை. நெல் மில்லு."

"பத்திரிகைக்காரர் அவருக்கு விற்பனைப் பட்டியல் அனுப்பியிருப்பினம், குத்திக்காட்ட. அவரும் இதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்." அண்ணை எழும்பினார். அந்த 'மில்லு' என்ற சொல் அவர் முகத்தை மாற்றியிருந்தது. நாகேஸ்வரியின் கையிலிருந்து குளிசைப் போத்தலை வாங்கிக்கொண்டார். "நெல் மில்லில என்ன இருக்கும், றவூப்?"

"நெல்லு, அரிசி…" என்று தொடங்கி நிறுத்தினேன். உமியும் தவிடும் தூசியும் என்று சொல்ல நாகேஸ்வரிக்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை.

பரந்தன் சந்தியில் கிழக்கே திரும்பியபோது வேகமானி அது வரை காணாத எண்ணைக் கண்டது. மாசி மாத அறுவடை முடிந்து வயல்கள் ஒட்ட அறுபட்டுக் கிடந்தன. வழக்கமாக நான் வாய் ஓயாத ஆள். அன்று ஒரு மாட்டு வண்டிக்காரனைக்கூட ஏசவில்லை. ஒரு மனிதனைச் சாகச் சொல்லி எழுதியவன் அவனை உயிரோடு காண வேண்டும் என்று நேர்ந்துகொண்டு கார் ஓட்டும்போது பகிடி வராது.

மில் இயந்திரம் ஓடவில்லை. முதலாளி யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணத்துக்குப் போய் நாலு நாளாம். ஆனால் அவித்த நெல் முதலாளிக்காகக் காத்திருக்காதே. சீமெந்துக் களம் முழுவதும் பொன்னிறமாகப் பரவிக் கிடந்தது. ஏழு பெண்கள் பலகையால் நெல்லைத் துழாவிக்கொண்டும் காகம் துரத்திக்கொண்டும் நின்றார்கள். வெள்ளிக்கிழமைகளில் அவர்களில் ஒருத்தி மட்டும் நிழலில் உட்கார்ந்து பேப்பர் வாசிப்பாள், மற்ற ஆறு பேரும் அவள் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்வார்கள். அது அந்தக் களத்தின் ஒழுங்கு.

அவர்களுக்குத் தலைவி போல ஒரு அம்மா முன்னுக்கு வந்தா. ஐம்பது வயதிருக்கும். பெயர் அன்னபாக்கியம். மில்லுக்குப் பின்னால் ஒரு அறையிலேயே சீவியம். இடுப்பில் ஒரு பூட்டின் திறப்புத் தொங்கியது.

"பேப்பர் வெள்ளிக்கிழமைதானே, கார்க்காரத் தம்பி? இண்டைக்கு என்ன?"

"பரமலிங்கம் எண்டு ஒருத்தரைத் தேடி வந்தனாங்கள், அம்மா," என்றார் அண்ணை.

"அப்பிடி ஒருத்தரும் இஞ்ச வரேல்லை."

அவ சொன்னது கல்லில் எழுதியது போல இருந்தது. அண்ணை தலையாட்டிவிட்டு, காலைத் தேத்தண்ணிக்காக வாங்கில் வரிசையாக வைத்திருந்த மூக்குப்பேணிகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வாய் எனக்குத்தானே தரப்பட்ட வேலை.

"ஏழு பேருக்கு எட்டுப் பேணி ஏனம்மா? காகத்துக்கும் தேத்தண்ணியோ?"

அன்னபாக்கியத்தின் கை இடுப்புத் திறப்புக்குப் போனது. எட்டாவது பேணிக்கு மேல் ஆறாமல் இருக்கச் சிரட்டை கவிழ்த்திருந்தது. அந்த நேரம் மில்லின் பின்பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. கொல்லன் பட்டறையில் ஓட்டை விழுந்த துருத்தியை ஊதுவது போல, இழுத்து, நின்று, பிறகு இன்னும் கஷ்டப்பட்டு இழுத்து.

நான் ஓடினேன். பின்னால் உமிக் கொட்டில். கனத்த பாலைப் பலகைக் கதவு. அதில் ஆமைப்பூட்டு. பக்கத்தில் சாக்கால் மூடியிருந்தது ஒரு சைக்கிள்.

"பரமலிங்கம் ஐயா!"

உள்ளே ஒரு இருமல். பிறகு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு செலவழித்து, "ஆர்… அது?"

"உங்களுக்குக் கடிதம் போட்ட ஒருத்தன்," என்றேன். வேறு எப்படிச் சொல்ல?

அண்ணை குனிந்து கதவுக்குக் கீழால் இரண்டு குளிசையை உருட்டிவிட்டார். உள்ளே ஒரு கை உமியைத் துழாவுவது கேட்டது. துழாவத் துழாவத் தூசி எழும்பி, இருமல் கூடியது. குளிசை உமிக்குள் போனால் போனதுதான்.

"துழாவாதேயும்! சும்மா இரும்!" என்று கத்தினார் அண்ணை. அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தரம். "றவூப், காரில இருந்து ஜக்கு லீவரை எடு!"

எடுத்துக்கொண்டு திரும்பியபோது கதவுக்கு முன்னால் ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அன்னபாக்கியம். கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டு. நான் வாழ்க்கையில் ஒரு பெண்ணைக் கை தொட்டுத் தள்ளியதில்லை. ஆறு பேரை எங்கேயிருந்து தொடங்குவது?

"அம்மா, மனுசன் சாகப்போறான்," என்றார் அண்ணை.

"நடிப்பு. நேற்றுச் சோறு திண்டவன்தானே?" என்றா அன்னபாக்கியம். "திங்கட்கிழமை வந்தான். தான்தான் கதை எழுதிறவனாம். பாலன் செத்துப்போனானாம். அஞ்சு கிழமையாய் நாங்கள் கேட்டதெல்லாம் பொய்யாம். சொல்லிப்போட்டு ஒரு பேப்பரை நீட்டினான். எங்களுக்கு வாசிக்கத் தெரியாது எண்டு நினைச்சுக்கொண்டு வந்திருக்கிறான். எங்கட விமலேஸ்வரியிட்டக் குடுத்தம். அவள் வாசிச்சாள். அதில பாலன் மரத்தில ஏறித் தப்பினது வடிவாய் இருந்தது. அப்ப ஆர் பொய்யன்?"

ஏழாவது பெண் சுவரோடு ஒட்டி நின்றாள். இருபத்தைந்து வயது. வெள்ளிக்கிழமை பேப்பர் பிடிக்கிற கை அவளுடையதுதான். அவள் எங்களைப் பார்க்கவில்லை.

"பாலனை வாயால சாகடிச்சவன்," என்றா அன்னபாக்கியம். "வெள்ளிக்கிழமை முதலாளி வருவார், பேப்பரும் வரும். அதுவரைக்கும் இருக்கட்டும். அதுக்கு முதல் வெளியில வர வேணுமெண்டால் ஒரு சொல்லு சொல்லட்டும். பாலன் இருக்கிறான் எண்டு. இப்பவே திறந்துவிடுறன்."

எனக்கு மூச்சு வந்தது. இவ்வளவுதானா? கதவில் வாயை வைத்தேன். "ஐயா, கேட்டதோ? பாலன் இருக்கிறான் எண்டு சொல்லுங்கோ. ரெண்டு சொல்லு. நானும் அஞ்சு கிழமையாய் அதைத்தானே கேக்கிறன்!"

உள்ளே மூச்சு இழுத்தது. நின்றது. நான் பயந்துபோனேன்.

"மாட்டன்," என்றார் பரமலிங்கம்.

"ஐயா, இது கதை! உங்கட உயிர்!"

"அம்பத்தேழு… வெள்ளத்தில… போன ஆக்கள்…" ஒவ்வொரு சொல்லாக வந்தது. "எல்லாரும்… தப்பிட்டினம்… எண்டு… எழுதச் சொன்னவை. கந்தோரில. அப்ப… எழுதினனான். இனி… எழுத… மாட்டன்."

அதற்குமேல் அவருக்கு முடியவில்லை. இருமல் மட்டும் வந்தது. உள்ளே இருந்தவரின் பிடிவாதத்தில் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அந்த ஆத்திரத்துக்குள் வேறொன்றும் இருந்தது. எங்கள் எல்லாருடைய கடிதமும் சாணித் தண்ணீரும் சேர்ந்தும் அந்த மனிதனின் ஒரு சொல்லைக்கூட அசைக்கவில்லை. இப்படிப்பட்டவன் எழுதியதனால்தான் பாலன் எங்கள் வீட்டுக்கு வந்து சோறு தின்றான் என்று அந்தக் கதவடியில்தான் எனக்கு உறைத்தது.

"நான் வாசிக்கிறன் அம்மா, அந்தப் பேப்பரைத் தாங்கோ," என்றேன்.

"நீ அவன்ர ஆள். எங்கட பிள்ளை வாசிக்காததை நாங்கள் நம்பமாட்டம்."

தவராசா அண்ணை விமலேஸ்வரியிடம் போனார். பொலிஸ்காரர் போல அல்ல, நல்ல செய்தி கொண்டுவந்தவர் போல.

"தங்கச்சி, தோடங்கன்று நல்லாயிருந்தது," என்றார்.

அவளுடைய முகம் உடைந்தது.

"நான் வேணுமெண்டு செய்யேல்லை," என்றாள். "அந்த வெள்ளிக்கிழமை வாசிச்சுக்கொண்டு போறன், வெள்ளம் வருது, பாலன் துருசடிக்குப் போறான். நிமிந்து பாத்தன். அன்னபாக்கியம் அக்கா துழாவுறதை விட்டிட்டு அப்பிடியே நிக்கிறா. அக்காவின்ர மகனும் அம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில போனவன். உடம்பு கிடைக்கேல்லை. அந்தியேட்டிக் கிரியைகூடச் செய்யேல்லை. இண்டைக்கும் ஒரு கோப்பை சோறு எடுத்து வைக்கிறவ. நான் எப்பிடி வாசிப்பன்? வாயில வரேல்லை. மரத்தில ஏத்திவிட்டன்."

"பிறகு?"

"பிறகு இறக்க ஏலாமல் போச்சு. ஒவ்வொரு கிழமையும் அவன் இல்லாத கதைக்குள்ள அவனை வைச்சு வைச்சு… அக்காக்கள் சொல்லச் சொல்ல அந்தக் கடிதத்தையும் நான்தான் எழுதினனான். நித்திரை இல்லை, அண்ணை. இந்த வெள்ளிக்கிழமையோட கதை முடியுது. எனக்கு முடிக்கத் தெரியேல்லை."

ஆறு பெண்களும் அவளையே பார்த்தார்கள். அன்னபாக்கியம் எழும்பவில்லை. இடுப்பிலிருந்து அந்தப் பதினேழாம் இலக்கப் பேப்பரை எடுத்தா. நாலாக மடித்து வைத்திருந்தா. அதை நீட்டினா.

"வாசி."

"அக்கா…"

"இருக்கிறதை வாசி, பிள்ளை."

விமலேஸ்வரி வாசித்தாள். முதல் வரியில் உள்ளேயிருந்து வந்த துருத்தி மூச்சுத்தான் பெரிதாகக் கேட்டது. பிறகு அவளுடைய குரல் மேலெழுந்தது. வெள்ளம் வந்தது. பாலன் துருசைத் திறந்தான். தண்ணீர் அவனைக் கொண்டுபோனது. நான் மனப்பாடமாக வைத்திருந்த ஒவ்வொரு வரியும் வந்தது. ஒரு சொல்லையும் அவள் மாற்றவில்லை. கதவுக்கு உள்ளே இருமல்கூட அடங்கி அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"'விடிந்தபோது வெள்ளம் வடிந்திருந்தது. துருசுக்கு அப்பால் வேலிக் கம்பியில் பாலன் கிடந்தான். அவனை முதலில் கண்டது அவனுடைய தாய். அவள் குளறவில்லை. சேலைத் தலைப்பை நனைத்து, அவன் காதுக்குள் இருந்த சேற்றைத் துடைத்தாள். தலைமயிரில் சிக்கியிருந்த சருகை ஒவ்வொன்றாக எடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றாள்.'"

"நிப்பாட்டு," என்றா அன்னபாக்கியம்.

நான் லீவரை இறுக்கிப் பிடித்தேன். எது வந்தாலும் இனி உடைக்கிறதுதான் என்று நினைத்தேன்.

"கிடைச்சிட்டானோ?"

"ஓம் அக்கா."

"தாய்தான் கண்டதோ? வேற ஆக்கள் இல்லையோ?"

"தாய்தான் அக்கா."

"காதையெல்லாம் துடைச்சவளோ?"

"ஓம்."

"அதை ஏன் பிள்ளை என்னட்ட இருந்து ஒளிச்சனீ?" என்று கேட்டா அன்னபாக்கியம். அதற்குப் பிறகுதான் அழுதா. அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. மூன்று வருடத்துக்கு மேலாக ஒரு கோப்பை சோற்றுக்கு முன்னால் அழாமல் இருந்த அழுகை அது. மற்றப் பெண்கள் தோளைப் பிடித்தார்கள். அந்த அழுகையோடேயே அவ இடுப்புத் திறப்பை அவிழ்த்து என்னிடம் எறிந்தா.

பூட்டைத் திறந்து நானும் அண்ணையுமாக அவரைத் தூக்கிக்கொண்டு வந்தோம். முகம் நீலம் பாரித்திருந்தது. கண் இமையெல்லாம் உமித்தூசி. அண்ணை அவரைச் சுவரோடு நிமிர்த்தி இருத்தினார். எட்டாவது பேணித் தேத்தண்ணியால் குளிசை உள்ளே போனது. நாங்கள் எல்லாரும் அவருடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறியது, இறங்கியது, நின்றது, திரும்ப ஏறியது. கால்மணி நேரம் இருக்கும். எனக்கு ஒரு வருடம். மெல்ல மெல்ல அந்தத் துருத்திச் சத்தம் தணிந்தது.

"காரைத் திருப்பி விடு, றவூப்," என்றார் அண்ணை. "இவர்ர மனுசி குளத்தைப் பாத்துக்கொண்டு நிக்குது."

நான் எழும்ப முதல் அன்னபாக்கியம் வந்து பரமலிங்கத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தா. மன்னிப்புக் கேட்கப்போறா என்று நினைத்தேன். அவ கேட்டது வேறு.

"தம்பி, நீங்கள்தானே அவனைக் கடைசியாய்க் கண்டனீங்கள். தண்ணி கொண்டுபோகேக்க… அவன் அம்மா எண்டு கூப்பிட்டவனோ?"

பரமலிங்கம் அவவைப் பார்த்தார். பூட்டிய கதவுக்குள் மூச்சுப் போகிற நேரத்திலும் ஒரு சொல்லை மாற்றமாட்டேன் என்ற மனிதர். கதவு இப்போது திறந்து கிடந்தது. அவரை ஒருத்தரும் வற்புறுத்தவில்லை.

"ஓம் அம்மா," என்றார். "கூப்பிட்டவன்."

அன்னபாக்கியம் தலையை ஆட்டினா. சேலைத் தலைப்பை நனைத்து அவருடைய கண்ணிலிருந்த தூசியைத் துடைக்கத் தொடங்கினா.

துருசடி பதினேழாம் அத்தியாயம் எனக்குத் தலைகீழாய்ப் பாடம். அதில் பாலன் ஆரையும் கூப்பிடுவதில்லை. அந்த அத்தியாயம் முழுவதும் அவன் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

கதையே வாசிக்காத தவராசா அண்ணை என் பக்கம் திரும்பினார். "உது பேப்பரில இருக்குதோ, றவூப்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இருக்குது, அண்ணை," என்றேன்.